இடது காலடியில் ஒரு பிரேக்

அவர் அந்தக் காரில் ஏறவே இல்லை. ஏறி ஓட்டிப் பார்த்ததாகவும், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சரியாக இருப்பதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது பொய். அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவரைத்தான் சொல்கிறேன். அவர் இன்னும் பணியில் இருக்கிறார். நடுவில் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார். அந்தக் காரும் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆய்வாளர் சங்கத்து ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். புதிதாக மோட்டார் வாகன ஆய்வாளர்களாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பார்களாம். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மேடம்" என்றார் செயலாளர். எனக்கு நல்லதாக எழுத வராது. இத்தனை வருட வேலையில் எனக்கு அதிகம் பழகிப்போனது பயம். அதைத்தான் எழுத முடியும்.

உங்களுக்கும் பயம் வரும். ஓட்டுநர் உரிமத்துக்காக வருகிறவன் பக்கத்தில், இடது சீட்டில், நீங்கள் உட்காரப் போகிறீர்கள். பயிற்சிப் பள்ளி வண்டி என்றால் இடது பக்கமும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். சொந்தக் காரில் வருகிறவனிடம் அது இருக்காது. அவன் பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பான். சோதனை மைதானத்துச் சுற்றுச்சுவர் உங்களைப் பார்த்து ஓடிவரும். உங்கள் காலடியில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் உங்கள் கால் மிதிக்கும். வெறும் தரையை உயிரைக் கொடுத்து மிதிக்கும்.

இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. வீட்டுக்காரர் கார் ஓட்டினாலும் மிதிப்பேன். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தாலும் மிதிப்பேன். "ஓட்டுறவன் டயர் தேயுறதுக்குள்ள மேடத்தோட செருப்பு தேய்ஞ்சிடும்" என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். இந்த நோயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இரண்டாவது நோய், வெளிநாட்டுக் காரைப் பார்த்தால் கைகட்டி நிற்பது. ஒரு ஷேர் ஆட்டோ தகுதிச் சான்றுக்கு வந்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? டயரை எட்டி உதைக்கிறோம். "பிரேக் போடு, ஹாரன் அடி, லைட்டைப் போடு, இறங்கு" என்று விரட்டுகிறோம். மீன் ஏற்றும் டெம்போ என்றால் அடியில் படுத்துக்கூடப் பார்ப்போம். பளபளவென்று ஒரு வெளிநாட்டுக் கார் உள்ளே வரட்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்போம். அதையும் பாதிப் பேர் ஏஜென்ட் கையிலேயே கொடுத்து எடுக்கச் சொல்வோம். ஒரு கீறல் விழுந்தால் நம் சம்பளத்தில் கட்ட முடியாது என்று பயம். உடைமைக்காரர் யாருக்குப் போன் போடுவாரோ என்று பயம். அதனால் எவரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஏழையின் வண்டியை மட்டும்தான் நாம் சோதிக்கிறோம். இதை மறுக்கிறவர் இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும்.

மூன்றாவது, எங்கள் அலுவலகத்தின் வழக்கம். முதலில் வரி, பிறகு வண்டி. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார் என்றால் சுங்கத்தில் போட்ட மதிப்பு, அதன்மேல் கட்டிய தீர்வை எல்லாவற்றையும் சேர்த்துச் சாலை வரி போடுவார்கள். பெரிய தொகை. மார்ச் மாதம் நெருங்கினால் மேலிடத்துக்கு அந்தத் தொகைதான் கண்ணில் தெரியும். வரியைக் கட்ட வைத்துவிட்டுத்தான் வண்டியை மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். வாங்கின வரியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே கார் மைதானத்துக்குள் நுழையும்போதே பாஸாகிவிட்டது. நீங்கள் அங்கே நிற்பது சடங்குக்கு.

இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் சொல்தாவின் கார் வந்து நின்றது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்போம். இவர் முதலியார்பேட்டைக்காரர். வாழ்க்கையின் பெரும்பகுதியை பிரான்சிலேயே கழித்துவிட்டு, கடைசிக் காலத்தில் ஊரோடு இருக்கலாம் என்று மனைவியோடு திரும்பி வந்தவர். வரும்போது தான் ஓட்டிய காரையும் கொண்டுவந்தார். பிரான்சில் ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே வலது பக்கம் இருந்தால்தான் காரை இறக்க விடுவார்கள். "அதெல்லாம் மாத்திக்கலாம் மாமா" என்று அவருடைய மருமகன் ஏற்பாடு செய்தார். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் இருக்கும் பட்டறையில் ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றி, அங்கிருந்து கப்பல் ஏற்றினார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். வலது பக்கம் இருந்தது. விட்டுவிட்டார்கள். சோதனைச் சான்றிதழும் இருந்தது. வரியும் கட்டியாகிவிட்டது.

மார்ச் மாதத்து வெயிலில் கார் மைதானத்துக்கு வந்தது. கறுப்பு நிறம். சொல்தா கதவைத் திறந்து இறங்கி, மரத்தடியில் நின்ற என்னிடம் வந்தார்.

"மதாம், கார்த் கிரீஸ் எப்ப கெடைக்கும்?"

கார்த் கிரீஸ் என்றால் வண்டியின் பதிவுப் புத்தகம். அங்கே அப்படிச் சொல்வார்களாம்.

"வண்டியைப் பார்த்தாதானே குடுக்கறதுக்கு" என்றேன்.

"பாருங்க, பாருங்க. எங்கூட்டம்மாவ வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். இந்த வருசம் கொடியேத்தத்துக்குப் போயே ஆகணும்."

அந்த அம்மா முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மூட்டு வலி. ஏறி இறங்கச் சிரமம். கையில் ஒரு பிளாஸ்க். கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "இவரு ஓட்டுனா எனக்குப் பாதி உசுரு போயிடும் மேடம். அதான் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, பாத்து, பாத்துன்னு சொல்லிக்கிட்டே வருவேன்."

"நாப்பது வருசமா சொல்றா. நான் இன்னும் ஒரு நாயைக்கூட இடிச்சதில்ல" என்றார் சொல்தா.

நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து மைதானத்துக்குள் ஒரு சுற்று ஓட்டினேன். காரோடு வந்திருந்த ஏஜென்ட்டுக்கு முகம் மாறிவிட்டது. ஓடி வந்தான்.

"மேடம், இது டெம்போ இல்ல. பாரீன் வண்டி. கை பட்டாலே கறை புடிக்கும்."

"கறை புடிச்சா தொடைச்சிக்கலாம். தள்ளி நில்லு."

பிரேக் பிடித்தது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. காலை வைத்ததற்கும் வண்டி நின்றதற்கும் நடுவில் ஏதோ ஓர் இடைவெளி இருந்தது. தூங்குகிறவனைக் கூப்பிட்டால் ஒரு கணம் கழித்து 'ம்' என்பானே, அப்படி. இவ்வளவு விலையுள்ள கார் அப்படிப் பதில் சொல்லக் கூடாது. மைதானத்தில் வேகம் எடுக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோகலாம், நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்கிறேன் என்று சொல்தாவிடம் சொன்னேன். ஓட்டிப் பழகியவர் காலில் அந்த இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க நினைத்தேன்.

அந்த அம்மாவும் வருவேன் என்றார். முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு மாறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "என் சீட்டை உங்களுக்காக விட்டுக் குடுக்கறேன் மேடம். பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

காலாப்பட்டு தாண்டும்வரை ஒன்றும் இல்லை. சொல்தா நன்றாகவே ஓட்டினார். கனகசெட்டிக்குளம் நெருங்கும்போது சாலை காலியாக இருந்தது. வேகம் ஏறியது. பின்னால் கொஞ்சம் தூரத்தில் ஒரு மீன் வண்டி வந்துகொண்டிருந்தது. அப்போது குப்பத்துச் சந்திலிருந்து மீன் பெட்டி கட்டிய ஸ்கூட்டர் ஒன்று சாலைக்குள் தலையை நீட்டியது. தூரம் இருந்தது. சொல்தா பார்த்துவிட்டார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான். அது போதும். ஸ்கூட்டர்காரனும் நின்றுவிட்டான்.

நான் மிதித்தேன். என் நோய். இல்லாத பிரேக்கை, வெறும் தரையை, வழக்கம்போல உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

கார் நின்றது.

ஆணி அடித்ததுபோல் நின்றது. பெல்ட் என் மார்பை அறுத்தது. பின்னால் அந்த அம்மா முன் சீட்டில் மோதிய சத்தம் கேட்டது. அதன் பின்னால் டயர்கள் கத்தின. மீன் வண்டி எங்களை உரசாமல் இடது பக்கம் ஒடித்து மணலுக்குள் இறங்கியது. பெட்டிகள் சரிந்து சாலை முழுக்க மீனும் ஐஸ்கட்டியும் சிதறின. ஒரு முழம் தள்ளி ஒடித்திருந்தால் அந்த அம்மா இருந்த இடத்தில் மீன் வண்டி இருந்திருக்கும்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த மீன்காரப் பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி நேராக சொல்தாவின் கதவுக்கு வந்தாள்.

"யோவ், நடுரோட்டுல எதுக்குய்யா பிரேக்கு போட்ட? ஒங் காருக்கு முன்னாடி காக்கா கூட இல்ல! இவ்ளோ பெரிய காரு வாங்கத் தெரியுது, நிறுத்தத் தெரியல?"

சொல்தா கதவைத் திறந்து இறங்கினார். "நான் போடலம்மா. சத்தியமா நான் பிரேக்கைத் தொடவே இல்ல."

"அப்ப யாரு போட்டா? ஒங்க தாத்தாவா?"

எனக்குத் தெரியும், யார் போட்டது என்று. ஆனால் அதை நம்பத்தான் முடியவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் வலது கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. ஒருமுறை திரும்பி, அந்த அம்மாவைப் பார்த்தேன். நெற்றி வீங்கியிருந்தது. ரத்தம் இல்லை. பிளாஸ்க் காப்பி மடியெல்லாம் கொட்டியிருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

காரை ஓரம் கட்டியதும் எல்லோரையும் இறக்கினேன். அந்த மீன்காரம்மாவைக் கூப்பிட்டேன். "காருக்குப் பின்னாடி போய் நில்லுங்க. சிவப்பு லைட்டு எரியுதான்னு மட்டும் சொல்லுங்க."

"நான் ஒனக்கு வேலைக்காரியா? என் வஞ்சிரம் ரோட்டுல கிடக்கு."

"சொல்லுங்கம்மா. உசுரு விஷயம்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றாள். நான் இடது சீட்டில் உட்கார்ந்து, தரை சாய்வாக ஏறும் இடத்தில் கால் வைத்தேன். மெதுவாக.

"எரியலையே."

பலமாக அழுத்தினேன். கார்ப்பெட்டுக்கு அடியில் ஏதோ அசைந்தது.

"எரியுது. ... இரு இரு. ஓட்டுறவரு இங்க எம் பக்கத்துல நிக்கிறாரு. அங்க யாரு மிதிக்கிறது?" அவள் குரல் மாறியது. "என்னா காரும்மா இது? இதுல ஏறாத. எறங்கு, எறங்கு மொதல்ல."

சொல்தாவின் பேனாக்கத்தியால் கார்ப்பெட்டைக் கிளப்பினேன். அந்தப் பட்டறைக்காரர்கள் செய்திருந்தது இதுதான். பிரேக்கின் உண்மையான பாகங்களை இடது பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். அவற்றை இடம் மாற்றுவது பெரிய வேலை. வலது பக்கம் ஒரு மிதியை மட்டும் புதிதாக வைத்து, அங்கிருந்து இடது பக்கம்வரை குறுக்கே ஓர் இரும்புத் தண்டை விட்டு இணைத்திருந்தார்கள். தண்டின் மேல் மெல்லிய தகடு, அதன் மேல் கார்ப்பெட். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் சாதாரணமாகக் கால் வைத்தால் ஒன்றும் ஆகாது. பயந்து அழுத்தினால் பிரேக் பிடிக்கும்.

அது பாதிதான். தண்டை வெல்டிங் வைத்திருந்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். நான் விரலால் தடவிப் பார்த்தேன். நகம் மாட்டியது. நான் உணர்ந்த அந்த இடைவெளி அதுதான். அது என்றைக்கு ஒடிகிறதோ, அன்றைக்கு ஓட்டுகிறவர் காலில் பிரேக் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலில் மட்டும் இருக்கும். அது அவருக்குத் தெரியாது.

"மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடறேன் மதாம்" என்றார் சொல்தா. "இருபதுல வரேன். ஓரமா."

"ஒரு அடி கூட வேணாம். சாவியைக் குடுங்க."

"வெயிலு. இவளால நிக்க முடியாது."

அந்த அம்மா கவிழ்ந்து கிடந்த ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சீட்டுலதான் நான் உக்காந்து வருவேன்" என்றார். "நான் மிதிப்பேன். எனக்குத் தெரியும், நான் மிதிப்பேன். லாரி எதுத்தாப்புல வந்தா காலு தானா அழுத்தும். வேளாங்கண்ணி வரைக்கும் அழுத்திக்கிட்டேதான் வந்திருப்பேன்."

சொல்தா சாவியை என் கையில் வைத்தார். இழுவை வண்டி வரும்வரை நாங்கள் சாலையோரம் மீன் பொறுக்கினோம்.

இளையவர்களே, இதுவரை வந்த பயம் சின்னப் பயம். பெரிய பயம் அலுவலகத்தில் இருந்தது.

இழுவை வண்டி காரைக் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கியதும் மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"என்னா மேடம், புதுசா ரோட்டு டெஸ்ட்டெல்லாம்? கனகசெட்டிக்குளம் வரைக்கும் டூர் போனீங்களாமே?"

நடந்ததைச் சொன்னேன். தண்டு, விரிசல், எல்லாம். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கஸ்டம்ஸ் விட்டாச்சு. டெஸ்ட்டிங்காரன் சர்ட்டிபிகேட் குடுத்தாச்சு. வரி கட்டியாச்சு. நடுவுல நீங்க யாரு?"

"அந்த சீட்டுல உக்காந்தவ சார்."

"வரி கட்டின வண்டியை ரிஜெக்ட் பண்ணா திருப்பிக் கேப்பான். மார்ச் மாசத்துல நான் எங்க போறது?"

"வரி ரசீதைக் காட்டினா பிரேக் புடிக்குமா சார்?"

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். "வாங்க" என்றேன். "கார் கீழதான் நிக்குது. நீங்க இடது பக்கம் உக்காருங்க. நான் ஓட்டுறேன். பீச் ரோடு வரைக்கும் போயிட்டு வருவோம். அப்புறம் நீங்க சொல்ற எடத்துல கையெழுத்து போடறேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். காரின் கூரை அங்கிருந்து தெரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்தார். என்னை நம்பியதால்தான் பயந்தார். இதை நன்றாகக் கவனியுங்கள். நான் சொன்னது பொய் என்று அவர் நினைத்திருந்தால் சிரித்துக்கொண்டே வந்து ஏறியிருப்பார். உண்மை என்று தெரிந்ததால்தான் ஏறவில்லை.

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்றார். பிறகு குரலை இறக்கினார். "ரிடையர்மென்ட் கிட்ட வந்துட்டீங்க. இந்த நேரத்துல ஒரு மெமோ வந்தா பென்ஷன் பேப்பர் நகராது. நிம்மதியா வீட்டுக்குப் போங்க மேடம். இந்த வண்டியை நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது. என்னுடையதை நம்பித்தான் வீடு. "நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஒருநாள் யாராவது சொல்வார்கள். அப்போது என்ன செய்வது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மேலே இருப்பவரின் முகத்தை நினைக்காதீர்கள். அந்த சீட்டில் உட்காரப் போகிறவரின் காலை நினையுங்கள். நான் மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் காலை நினைத்துக்கொண்டேன். சாலைக்குத் தகுதி இல்லை என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்பினேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. இருக்கட்டும்.

காரை இழுவை வண்டியிலேயே சொல்தாவின் வீட்டுக்கு அனுப்பிச் சாவியையும் திருப்பிக் கொடுத்தேன். மெமோ வரவில்லை. பதிலும் வரவில்லை. சில வாரம் கழித்து சொல்தா போன் செய்தார்.

"மதாம், அதிசயத்தைக் கேளுங்க. என் காரு எங்க வீட்டு ஷெட்டுல தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்குது. அன்னிக்கு இழுத்துட்டு வந்து விட்டதுதான். நான் சாவியைத் தொடல. ஆனா உங்க ஆபீஸ்ல அது ஓடி, பிரேக்கு போட்டு, பாஸாயிடுச்சாம். மருமகன் கார்த் கிரீஸைக் கொண்டாந்து மேசைல போடறார்."

"யாரு கையெழுத்து?"

சொன்னார். மேலதிகாரியே போட்டிருந்தார். எந்த ஆய்வாளரையும் போடச் சொல்லத் துணியவில்லை போலிருக்கிறது. அல்லது எவரும் இரண்டாவது முறை மறுத்துவிடக் கூடாது என்று பயந்திருக்கலாம்.

"நீங்க ஓட்டாதீங்க" என்றேன்.

"நான் ஓட்ட மாட்டேன். இவ ஷெட்டுப் பக்கமே போறதில்ல. ஆனா மருமகன் விடுவாரா? புக்கு வந்துடுச்சில்ல, இப்ப அது நல்ல காரு."

புத்தகம் வந்துவிட்டால் அது நல்ல கார். இந்த வாக்கியத்தை மைதானத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். நீங்கள் போடும் கையெழுத்து காரைச் சரிசெய்யாது. விரிசலை மூடி மேலே கார்ப்பெட் போடும், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். மேலதிகாரி மேடையில் என்னைப் பற்றி "கண்டிப்பானவர்" என்று பேசினார். அதற்குப் பிறகு சொல்தாவும் அந்த அம்மாவும் பிரான்சில் இருக்கும் பெரிய மகளிடம் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்கு பஸ்ஸில் போய் வந்துவிட்டுத்தான் போனார்கள். மருமகன் காரை விற்றுவிட்டார். யாருக்கு என்று கேட்டேன். "நல்ல பார்ட்டி மேடம். பாத்த உடனே புடிச்சிப்போச்சு அவங்களுக்கு" என்றார். தண்டை மாற்றினீர்களா என்று கேட்டேன். "நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல ஒரு பட்டறையில காட்டுனோம். பிரிச்சா திருப்பி மாட்ட முடியாதுன்னுட்டான். கார்ப்பெட்டை மட்டும் நல்லா ஒட்டிக் குடுத்தான்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கூச்சமே இல்லை. வாங்கியவர் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் முதலியார்பேட்டை சிக்னலில், வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. எனக்கு அதன் சத்தமே தெரியும். புது நம்பர் பலகை. ஓட்டியவன் இளைஞன். இடது சீட்டில் ஓர் இளம்பெண். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நீட்டி, அந்தச் சாய்வின் மேல் உள்ளங்காலைப் பதித்து வைத்திருந்தாள். சிரித்துச் சிரித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். காரின் பின்னால் ஒரு தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு நின்றது.

நான் ஸ்கூட்டரிலிருந்து குதித்துக் கண்ணாடியைத் தட்டினேன். அந்தப் பெண் திடுக்கிட்டாள். அவள் காலைத்தான் பார்த்தேன். விரல்கள் மடங்கின. அழுத்தினாள். கார் நின்றுகொண்டிருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. அவன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான்.

"என்னா ஆன்ட்டி? சில்லறை இல்ல."

"காலை எடுக்கச் சொல்லு. அங்க வைக்கக் கூடாது. இந்த வண்டியை ஓட்டாதப்பா, பிரேக்..."

பச்சை விழுந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். காரில் இருந்த இளைஞன் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு அவளுக்குக் காட்டினான், எனக்குப் பைத்தியம் என்று. அவள் சிரித்தாள். கார் கடலூர்ச் சாலையில் போய் மறைந்தது. லாரி அதன் பின்னாலேயே போனது. மழையில் நின்றுகொண்டு, என் வலது கால் வெறும் தார்ச்சாலையை அழுத்திக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டுச் சொன்னார்.

நம்பரைக் குறித்து அலுவலகத்துக்கு எழுதினேன். நேரிலும் போனேன். அந்தப் பதிவில் இருக்கும் முகவரியில் போய் வண்டியை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டேன். "ஆவணங்கள் அனைத்தும் முறையாக உள்ளன" என்று பதில் வந்தது. காரைப் பற்றிக் கேட்டால் ஆவணத்தைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள்.

ஆகவே இளையவர்களே, உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். கறுப்புக் கார். புதுச்சேரிப் பதிவு. நம்பரைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். இடது சீட்டில் உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள், பின்னால் லைட் எரிகிறதா என்று. எரிந்தால் சாவியைப் பிடுங்குங்கள். யார் என்ன சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

மேலதிகாரி அவர்களே, இந்த மலரை வெளியிட உங்களைத்தான் அழைத்திருக்கிறார்களாம். மேடை போடுவார்கள், மைக் கொடுப்பார்கள். புதிய பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில் இருப்பார்கள். நானும் வருவேன். நேர்மை, கடமை என்று பேசத் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கடிதத்தில் வேண்டாம், அறைக்குள் கூப்பிட்டும் வேண்டாம். எல்லோர் காதிலும் விழும்படி மைக்கிலேயே சொல்லுங்கள்: ஓட்டிப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்ட அந்தக் காரில் நீங்கள் எந்த சீட்டில் உட்கார்ந்தீர்கள்?